நியூசன்ஸ் என்று நான் எழுதிய மனு

என் மகன் ஒன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது, நாளெல்லாம் அவன் உதட்டிலிருந்து ஈ ஓட்டுவதே என் வேலை. வாயைத் திறந்தபடி தூங்குவான். ஓர் ஈ கன்னத்தில் உட்கார்ந்து, நிதானமாக நடந்து, உதட்டோரம் காய்ந்திருக்கும் பாலில் வாயை வைக்கும். அதற்கு முன் அது எங்கே உட்கார்ந்திருந்தது என்று எனக்குத் தெரியும். கூப்பிடு தூரத்தில் இருக்கும் முட்டைக்கோழிப் பண்ணையில், கூண்டுகளுக்குக் கீழே, மழையில் நனைந்து கொழகொழவென்று கிடக்கும் எச்சத்தின் மேல்.

சேலம் அஸ்தம்பட்டியில் வளர்ந்து, கல்யாணமாகி நாமக்கல் பக்கம் வந்தவள் நான். பண்ணை என் மாமனாரின் அண்ணனுடையது; அவர் எங்களுக்குப் பெரிய மாமா. மழைக்குப் பின் ஈக்காலம். துணி காயும் கொடி கறுத்துவிடும். டியூப்லைட்டெல்லாம் புள்ளி புள்ளியாகும். பட்டப்பகலில் கொசுவலை கட்டி, அதற்குள் உட்கார்ந்து சாப்பிடுவோம். அப்படியும் ஒரு நாள் ரசத்தில் ஒன்று மிதந்தது. மாமியார் அதை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு மீதியைச் சோற்றில் ஊற்றிக்கொண்டார். எனக்குக் குமட்டியது. குமட்டியதற்கு வெட்கமாகவும் இருந்தது. எல்லோரும் சாப்பிடுகிறார்கள், நான் மட்டும் அலட்டிக்கொள்கிறேனோ?

ஈ மிகவும் அதிகமானால் பெரிய மாமா அக்கம்பக்கத்தில் வீட்டுக்கு ஒரு தட்டு என்று முட்டை அனுப்புவார். வாங்கிக்கொண்ட வீட்டில் அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறப்பதில்லை. நானும் வாங்கினேன். அவித்து, மஞ்சள் கருவைப் பிசைந்து மகனுக்கு ஊட்டினேன். இப்போது நினைத்தால் அந்த ரசத்தைவிட இதுதான் அருவருப்பாக இருக்கிறது.

அந்த ஐப்பசியில் அவனுக்கு வயிற்றுப்போக்கு. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். நரம்பு கிடைக்காமல் பிஞ்சுக் கையில் இரண்டு முறை ஊசி குத்தினார்கள். "வீடு பண்ணைப் பக்கமாம்மா?" என்று டாக்டர் கேட்டார். தலையாட்டினேன். "மறுபடி வராம பாத்துக்கங்க" என்றார். எப்படி என்று அவர் சொல்லவில்லை.

கட்டிலருகே உட்கார்ந்து போனில் தேடியபோதுதான் நியூசன்ஸ் என்பது சட்டத்தில் இருக்கும் சொல் என்று தெரிந்தது. அதுவரை அது எனக்கு வெறும் திட்டு. பஸ்ஸில் அழும் குழந்தை நியூசன்ஸ், குடித்துவிட்டுக் கத்துகிறவன் நியூசன்ஸ், ஆபீஸில் ஒரே சந்தேகத்தை இரண்டாம் முறை கேட்பவர் நியூசன்ஸ். நாம் அந்தச் சொல்லை ஆளின் மேல் எறிகிறோம். சட்டமோ நடக்கிற காரியத்தைப் பார்க்கிறது. உன் இடத்தில் உன் தொழிலைச் செய், ஆனால் அக்கம்பக்கத்தார் மூச்சுவிடவும் சோறு தின்னவும் முடியாதபடி செய்யாதே என்கிறது. செய்கிறவர் சொந்தக்காரரா, முட்டை தருகிறாரா என்று அது கேட்பதில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனு எழுதினேன். மூன்று தடவை கிழித்து நான்காம் தடவை எழுதினேன்.

"பேரப் போடாம குடுத்தர்லாமே" என்றார் என் கணவர்.

"பேரில்லாட்டி யாருங்க பாப்பாங்க?"

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் இடத்துக்கு மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நானே போனேன். கணவர் வண்டியை விட்டு இறங்கவில்லை.

அடுத்த நாளே பெரிய மாமா வந்துவிட்டார். "ஏஞ்சாமி, நம்ம பண்ணையவே நூசென்ஸுன்னு எழுதியிருக்கியாமா? இப்ப நூசென்ஸு பண்றது ஈயா, நீயா? வேணும்னா கோழிகளக் கூப்புட்டு, அம்மிணிக்கு ஆவலையாமா, இனிமே பேளாதீங்கன்னு சொல்லிப் பாக்கறேன்."

மாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். கணவரும் சிரித்தார், தரையைப் பார்த்தபடி.

தாலுகா ஆபீஸிலிருந்து விசாரிக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும், முந்தின நாள் பண்ணை முழுக்க மருந்தடித்துச் சுண்ணாம்புத் தூள் தூவினார்கள். பண்ணை வெள்ளையாக இருந்தது. அங்கே இருக்க முடியாத ஈக்களெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தன.

வந்த அதிகாரி பண்ணையைப் பார்த்துவிட்டு எங்கள் கூடத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் பெரிய மாமா. நான் வழக்கம்போல டம்ளரைத் தட்டால் மூடி டீ கொண்டுபோய் வைத்தேன்.

"மனு குடுத்தது நீங்களாம்மா? இப்பவும் தொந்தரவு இருக்குங்களா?"

"கொழந்தைக்குச் சொகமில்லைங்க. அந்தக் கவலைல அம்மிணி எழுதிப்போட்டுது. இப்ப ஒண்ணுமில்லீங்க" என்று எனக்குப் பதிலாகப் பெரிய மாமா சொன்னார்.

மாமியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப... பரவால்லீங்க" என்று என் வாய் சொன்னது. சொன்ன வாயைக் கழுவவேண்டும் போல இருந்தது.

"அப்ப தொந்தரவு இல்லைன்னு எழுதிக்கறேன். ஒரு கையெழுத்து மட்டும் போட்டுருங்க."

அவர் பேனாவைத் திறந்தபோதுதான் கவனித்தேன். டம்ளரை மூடிய தட்டை நான் இன்னும் கையால் அழுத்திக்கொண்டிருந்தேன். தட்டை எடுத்தேன். ஈயை ஓட்டவில்லை. விளிம்பில் ஒன்று உட்கார்ந்தது, பிறகு மூன்று நான்கு. ஒன்று உள்ளே விழுந்து சுற்றியது.

"டீ ஆறுதுங்க சார். மொதல்ல குடிச்சிருங்க. அப்பறம் எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன்."

அவர் டம்ளரையே பார்த்தார்.

"ஈதானுங்களே, எடுத்துப் போட்டுட்டுக் குடிங்க. ஒண்ணும் ஆவாது" என்றார் பெரிய மாமா.

அதிகாரி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். "அப்ப நீங்க குடிங்களேன்."

பெரிய மாமா சிரித்தார். குடிக்கவில்லை. அதிகாரி பேனாவை மூடிவிட்டு மறுபடி திறந்தார். அதற்குப் பிறகு நிறைய எழுதினார். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு வாரத்தில் எச்சத்தை அள்ளிப்போக டிராக்டர்கள் வந்தன. அடுத்த மழை வரைக்கும்தான் இது என்பதும் எனக்குத் தெரியும். பெரிய மனிதரை என் வீட்டிலேயே வைத்து அவமானப்படுத்திவிட்டேனோ என்று இன்னும் சில நாள் தோன்றுகிறது. டிராக்டர் வந்த அந்த வாரம் எல்லா வீட்டுக்கும் முட்டைத் தட்டு போனது. எங்கள் வாசலை மட்டும் தாண்டிப் போனது. மாமியார் அதைப் பார்த்துக்கொண்டே, எனக்குக் கேட்கும்படி, "நூசென்ஸு" என்றார்.

நான் கொசுவலைக்குள் மகனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். உதட்டைத் துடைத்துவிட்டு அடுத்த வாய் ஊட்டினேன்.