ஓந்து குடிக்கும் ரத்தம்

எங்கள் ஊரில் ஓணானைக் கண்டால் பிள்ளைகள் கல்லெடுப்பார்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் வயிற்றைப் பொத்துவார்கள். தென்காசிப் பக்கமிருந்து நான் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் இது எனக்குப் பெரிய வேடிக்கை. மதில்மேல் ஓர் ஓணான் கழுத்தைச் சிவக்கச் சிவக்க உப்பவைத்துத் தலையை ஆட்டும்; தெருவில் விளையாடிக்கொண்டிருந்த அத்தனை பிள்ளைகளும் சட்டைக்கு மேலாகத் தொப்புளைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். இங்கே அதற்கு ஓந்து என்று பெயர். தூரத்திலிருந்து பார்த்தே தொப்புள் வழியாக ரத்தத்தை உறிஞ்சிவிடுமாம். கழுத்தில் தெரியும் சிவப்பு அப்படிக் குடித்த ரத்தம்தானாம்.

பிள்ளைகள் பொத்தினால் சரி. என் வீட்டுக்காரரும் பொத்தினார். கார்ப்பரேஷன் குப்பை வண்டியில் வேலை அவருக்கு. நிறைந்த டிரம்மைத் தனியாளாகத் தூக்கிக் கவிழ்ப்பவர். பின்கட்டில் குளிக்கப் போகும்போது மதிலில் ஓந்து நின்றால், ஒரு கையில் வாளி, இன்னொரு கை தொப்புளில்.

"இம்புட்டுப் பெரிய ஆம்பளை, ஒரு ஓணானுக்குப் பயந்து வயித்தப் பொத்துறீங்களே, வெக்கமா இல்ல?"

"நீ சிரிச்சோ. சோர முழுக்கப் போனப்புறம் மனசிலாகும்," என்பார். சோர என்றால் இங்கே ரத்தம். இந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர், அவர் தமிழில் பாதி மலையாளம். சொல்லிவிட்டு அவரும் சிரிப்பார். கையை மட்டும் எடுக்கமாட்டார்.

அப்புறம் அவருக்கு ரத்தம் குறைய ஆரம்பித்தது.

பள்ளுருத்தியில் வேலையின்போது வண்டியைப் பிடித்தபடியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார் என்று கூட வேலை பார்ப்பவர்கள் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார்கள். நகமெல்லாம் உரித்த பூண்டாக வெளுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் பார்க்காத பரிசோதனை இல்லை. எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற இடம் வற்றிவிட்டது என்றார் டாக்டர். மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், கேட்கவில்லை. அவர் தம்பியின் எலும்பு மஜ்ஜை சேருமா என்று பார்த்தார்கள், சேரவில்லை. வெளியிலிருந்து ரத்தம் ஏற்றலாம், ஏற்றியது தங்கும் காலம் போகப்போகக் குறையும் என்றார். குறைந்தால் என்ன என்று நான் கேட்கவில்லை. டாக்டரும் சொல்லவில்லை.

அவருடைய குப்பை வண்டிக் கூட்டாளிகள் முறை வைத்து வந்து ரத்தம் கொடுத்தார்கள். ஏற்றிய அன்று கன்னத்தில் கொஞ்சம் நிறம் வரும். சாயா கேட்பார், கப்பைக்கிழங்கு கேட்பார். நான் சுக்குப் பொறுக்கும் கிடங்குக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினால் வாசலில் உட்கார்ந்திருப்பார். சில வாரங்களில் நிறம் இறங்கிவிடும். பிறகு மறுபடி படுக்கை.

படுக்கையைப் பின்பக்க ஜன்னலோரம் போட்டிருந்தோம், காற்று வரட்டும் என்று. ஜன்னலுக்கு நேரே மதில். மதிலில் அந்த ஓந்து. வெயில் ஏறியதும் வந்து நிற்கும், கழுத்தை உப்பும், ஆட்டும், இறங்கும், மறுபடி ஏறும். இவர் நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு கிடப்பார். முதலில் ஜன்னலின் ஒரு கதவைச் சாத்தினார். பிறகு இரண்டையும். நல்ல வெயில் காலத்தில் வயிற்றில் துண்டைச் சுற்றிக்கொண்டு வேர்த்து ஊற்றக் கிடந்தார். நான் சிரிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தேன்.

ஒருநாள் கிடங்கிலிருந்து வந்த எரிச்சலில் ஜன்னலை ஓங்கித் திறந்தேன். "உங்க ரத்தத்தக் குடிக்கிறது அந்த ஓணான் இல்ல. எத்தன தடவ டாக்டர் சொன்னாரு?"

"பின்னே யாரு?" என்றார். சத்தம் போடக்கூடத் தெம்பில்லை. "நான் கள்ளு குடிச்சில்ல, பீடி வலிச்சில்ல. எனக்கு ஒரு ஆளக் காட்டு. இன்ன ஆளுதான் குடிக்குதுன்னு காட்டு."

ஜன்னலைச் சாத்தினேன்.

அடுத்த வீட்டுச் சேச்சியிடம் ஒரு பூனை உண்டு. கிழட்டுப் பூனை, மீன் தலைக்கு மட்டும்தான் எழுந்திருக்கும். அது ஒருநாள் மதிலில் ஏறி ஓந்துக்கு எதிரே வந்து நின்றது. அன்றைக்குக் கிடங்கு விடுமுறை. சாத்திய ஜன்னலின் சந்து வழியாக நானும் அவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஓந்து ஓடவில்லை. முன்னங்கால்களை ஊன்றி எழுந்து, வாயைப் பிளந்து, கழுத்தை உப்பியது. அவ்வளவு சிவப்பை நான் பார்த்ததில்லை. பூனை நிஜமாகவே தயங்கியது. கழுத்துக்குக் கீழே விரல் பருமன் உடம்பு, எலும்பு தெரிந்தது. பயமுறுத்த அதனிடம் இருந்தது அந்தத் தோல் மட்டும்தான். அந்த ஒரு கணம் நான் ஓந்தின் பக்கம் இருந்தேன். அவர் பூனையின் பக்கம் இருந்தார்.

பூனை ஒரு தட்டுத் தட்டிக் கவ்விக்கொண்டு குதித்தது.

"இனி பேடிக்கண்டா," என்று சேச்சி மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்தார், இனிமேல் பயப்படாதே என்று. இவர் எழுந்து உட்கார்ந்து தன் கையாலேயே இரண்டு கதவுகளையும் திறந்தார். துண்டை அவிழ்த்து என்னிடம் எறிந்தார். மத்தியானம் மத்திக் குழம்பு ஊற்றிக் கப்பை சாப்பிட்டார், இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டினார். பூனைக்கு என்று தனியாக மீன் தலை எடுத்து வைக்கச் சொன்னார்.

எனக்குத் தெரியும், அத்தனையும் பைத்தியக்காரத்தனம் என்று. ஆனாலும் அடுத்த பரிசோதனைக்கு அவரைக் கூட்டிப்போனபோது என் நெஞ்சு அடித்துக்கொண்ட மாதிரி கல்யாணத்தன்றுகூட அடித்ததில்லை. ரத்த அளவு ஏறியிருக்கும் என்று நானும் நம்பினேன். வெட்கமாகத்தான் இருந்தது, நம்பினேன்.

முன்னைவிட இறங்கியிருந்தது. ஏற்றிய ரத்தம் ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. இனி ஏற்றினாலும் அவருக்குச் சிரமம்தான், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் என் தோளில் சாய்ந்தபடி கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

மழைக்கு முன்னால் ஒரு காலை. கஞ்சி கொண்டுபோனேன். ஜன்னல் திறந்தே கிடந்தது. மதிலில் அதே இடத்தில் ஓர் ஓந்து. வேறு ஓந்து, இளசு. இடம் காலியானது எப்படித்தான் தெரிந்ததோ. எங்களைப் பார்த்துக் கழுத்தை உப்பியது.

அவர் கை போர்வைமேல் கிடந்தது. அசையவில்லை.

"இங்கேருங்க, வந்திருக்கு," என்றேன்.

"கண்டேன்," என்றார். "விடு. இனி அதுக்குக் குடிக்க என்ன இருக்கு."

கஞ்சியைக் கீழே வைத்தேன். கட்டிலில் உட்கார்ந்து, போர்வையை விலக்கி, அவர் தொப்புளை என் உள்ளங்கையால் பொத்தினேன். வயிறு சில்லென்று இருந்தது. அவர் சிரிக்கவில்லை. அது மதிலைவிட்டு இறங்கும்வரை கையை எடுக்கக்கூடாது என்று நினைத்தேன். வெயில் ஏறி, கஞ்சி ஆறி ஆடை கட்டியது. அது இறங்கவே இல்லை.