விசா கேட்காத நாடு

இங்கிலாந்துக்குப் போக விசா வேண்டாம் என்று எனக்குச் சொன்னவர், சவுத் பரேடில் இருந்த ஒரு கப்பல் டிக்கெட் ஆபீஸின் குமாஸ்தா. ஐம்பதுகளின் கடைசி அது. "வீசாவா? பேடவே பேடம்மா!" என்று கன்னடத்தில் சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். "பாஸ்போர்ட்ல அந்த நாட்டுப் பேர் எழுதியிருக்கணும். அம்மை குத்தின மஞ்சள் புக் கையில இருக்கணும். அவ்ளோதான். கப்பலை விட்டு எறங்கி நடந்து போய்க்கினே இரு."

என் கணவர் அங்கே ஒரு வார்ப்பட ஆலையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். 'நீ பக்கத்தில் இருந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்' என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் நான் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. அந்த நாடு கேட்காத கேள்விகளையெல்லாம் நம்முடைய ஆபீஸ்காரர்கள் கேட்டார்கள். கைவிடப்பட்டுத் திரும்பி வந்தால் செலவுக்கு யார் பொறுப்பு என்று ஒருவர் கேட்டார். "ஏன், நீங்க வந்து கூட்டிட்டு வரமாட்டீங்களா?" என்று கத்திவிட்டேன். கடைசியில் என் கணவருடைய பழைய ஃபோர்மன் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். நான்கு மாதம் கழித்து மெட்ராஸிலிருந்து பாஸ்போர்ட் வந்தது. அம்மை குத்திய கை வீங்கி, ஜுரம் அடித்தது. அந்த வலிகூட எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கப்பலின் பெயரையும் அது போய்ச் சேரும் தேதியையும் அவருக்கு எழுதிப் போட்டேன்.

பம்பாய் ரயிலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அல்சூரில் எங்கள் வீட்டில் என் நாத்தனாருக்கு உடம்பெல்லாம் கொப்புளம் போட்டது. பத்து வயசுப் பெண். டாக்டர் பார்த்துவிட்டு, சின்னம்மைதான், பயமில்லை என்றார். என் பயணத்தைப் பற்றிக் கேட்டேன். "உன்கிட்டதான் புக் இருக்கே. தாராளமா கிளம்பு" என்றார்.

அதற்குள் என் மாமியார் நிலையில் வேப்பிலை செருகிவிட்டார். தாளிப்பது நின்றது. நான் பெட்டியில் புடவை அடுக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வூட்டுக்கு அம்மா வந்திருக்கா. மூணு தண்ணி ஊத்தி அவளை அனுப்புற வரைக்கும் யாரும் ஊர்ப்பயணம் போகக் கூடாது, கண்ணு. மீறிப் போனா அவ கோவம் யாரு மேல பாயும்னு நான் வேற சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள், ஆபீஸரிடமே சண்டை போட்டவள், அந்த ஒரு கேள்வியில் ஆடிப்போய்விட்டேன். படுக்கையில் கிடக்கிறவர் மேல்தானே பாயும்? அடுக்கிய புடவைகளை வெளியே எடுத்தேன். அவர் பிழைக்க வேண்டும் என்றுதான் நான் போகாமல் நின்றேன். இதை யாரிடம் சொல்லி அழுவது?

மூன்றாவது தண்ணீர் ஊற்றுவதற்குள் கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பலில் இடமில்லை. அதற்கு அடுத்தது ஒரு மாதம் கழித்து என்றார் குமாஸ்தா. தாமதத்தை என் கணவருக்கு எழுதினால் மனசு விட்டுவிடுவாரோ என்று எழுதவில்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அந்த ஒரு மாதம் முடிவதற்குள் தந்தி வந்தது. நான் விட்ட கப்பல் கரை சேர்ந்து ஐந்தாம் நாள் அவர் போய்விட்டார். ஐந்து நாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

"போகாதேன்னா சொன்னேன்? கொஞ்சம் பொறுத்துப் போன்னுதானே சொன்னேன்" என்று மாமியார் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரை என்ன சொல்லித் திட்டுவது? அவர் பெற்ற பிள்ளை. அவரும் பிள்ளையைக் காப்பாற்றத்தான் என்னை நிறுத்தினார்.

பாஸ்போர்ட் இன்னும் பீரோவில் இருக்கிறது. ஒரு பக்கத்திலும் முத்திரை கிடையாது. அதற்குள் ஓர் ஏர் லெட்டரை மடித்து வைத்திருக்கிறேன். தந்தி வந்து நான்கு நாள் கழித்து மாமியார் பேருக்கு வந்தது, அவர் கையெழுத்தில்.

'கப்பல் வந்துவிட்டதாகப் பேப்பரில் பார்த்தேன். அவளை யாரும் நிறுத்த மாட்டார்கள், நேராக வந்துவிடுவாள். நர்ஸிடம் சொல்லிக் கட்டில் பக்கத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன். காலையிலிருந்து கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.'