கூட்ஸ் வண்டி போகட்டும்

எங்கள் ஊரில் முதலில் வந்தது தண்டவாளம். அதைப் போட வந்தவர்கள் குடிசை போட்டார்கள், அவர்களை நம்பி ஒரு டீக்கடை வந்தது, பிறகுதான் ஊர். அதனால் வீடுகளெல்லாம் தண்டவாளத்தை ஒட்டியே நிற்கும். ரயில் போகையில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. கத்திக் கத்தி அலுத்துப்போன எங்கள் ஆட்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ரயில் வந்தால் பேச்சை அப்படியே நிறுத்துவோம். போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். சண்டைக்கும் இதே சட்டம்தான்.

என்னைப் பெண் பார்க்க இலுப்பூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளைக்கு அங்கே உரக்கடை. போட்டோவிலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று; வெட்கமென்ன, உள்ளதைச் சொல்கிறேன். நேரில் பார்த்ததும், இவர் கைநழுவிப் போய்விடக்கூடாதே என்று சாமியை வேண்டிக்கொண்டேன்.

அவருடைய அம்மா நேராகவே கேட்டார்.

"என்னத்தா, எங்க பயலைப் பிடிச்சிருக்கா? பிடிக்கலன்னாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லிரு."

"எனக்கு..." என்று வாயைத் திறந்தேன். கூட்ஸ் வந்துவிட்டது.

நிறுத்திவிட்டேன். தட்டை நீட்டி "பழம்..." என்ற அப்பாவும் அப்படியே நின்றார். கூட்ஸ் என்றால் சும்மாவா? பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. வந்தவர்களுக்கு எங்கள் வழக்கம் என்ன தெரியும்? பெண்ணுக்கு இஷ்டமில்லை, அதைச் சொல்ல முடியாமல் குடும்பமே விழிக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். அவருடைய அம்மா எழுந்தார், பையை எடுத்தார், வாசலுக்குப் போய்ச் செருப்பில் காலை நுழைத்தார். மாப்பிள்ளை முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் அவர் மட்டும் எழவில்லை.

ஐயோ, தலையை ஆட்டியிருந்தால் போதுமே! இந்த மரமண்டைக்கு அது தோன்றவில்லை. வாயை நிறுத்தினால் தலையையும் சேர்த்து நிறுத்தித்தான் எனக்குப் பழக்கம்.

கடைசிப் பெட்டி தாண்டியதுதான் தாமதம், "ரொம்பப் பிடிச்சிருக்கு!" என்று கத்தினேன். சத்தம் ஓய்ந்த நேரத்தில் அது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத் தெருவரை கேட்டது. அங்கே யாரோ கைதட்டினார்கள். முதலில் சிரித்தவர் மாப்பிள்ளைதான்.

"...எடுத்துக்கங்க," என்று அப்பா பேச்சை முடித்தார். "தப்பா எடுத்துக்காதீங்க, ரயில் போகையில நாங்க பேசமாட்டோம்ங்க."

"நல்லா பயமுறுத்துனீங்க, போங்க!" என்று மாப்பிள்ளையின் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

கல்யாணமாகி நான் வந்து சேர்ந்த இலுப்பூரில் ரயில் கிடையாது. ஆகவே இங்கே நான் ஆரம்பித்தால் நிறுத்த ஆளில்லை. நேற்றும் ஒரு சண்டை. அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஒங்க ஊரு கூட்ஸை ஒரு தடவை இங்கிட்டு விடச் சொல்லு தாயே."

"வந்தாத்தான் என்ன? போனதும் விட்ட எடத்துலேருந்து ஆரம்பிப்பேன்."

"ஆரம்பி. அன்னைக்கே கூட்ஸ் போறவரைக்கும் எந்திரிக்காம ஒக்காந்திருந்தவன் நான்," என்றார்.