கியர் உருண்டையும் என் மூளையின் அயலவர்களும்

உயர்தர உயிரியல் வகுப்பில் இருபத்திரண்டு வருடமாக மூளையைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன். "மூளைக்குள்ள இணைப்புகள் மாறிக்கிட்டே இருக்கும் பிள்ளைகளா, எந்த வயசிலயும் புதுசாப் பழகலாம்" என்று வருடா வருடம் சொல்லுவேன். சொல்லுகிறவன் பழகிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஐம்பத்தொரு வயதில் கார் பழகப் போனபோதுதான், என் மூளை என் வகுப்புக்கு ஒருநாளும் வந்ததில்லை என்று தெரிந்தது.

பழக வேண்டி வந்தது மனைவியால். அவளும் ஆசிரியைதான். பன்விலவுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலைக்கு அதிபராகப் போகச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. கண்டியிலிருந்து அங்கே போவதென்றால் பஸ் மாறி ஏறி, இறங்கிய இடத்திலிருந்து மேட்டில் அரை மணி நேரம் நடக்க வேண்டும். அவளுக்கோ முழங்கால் வலி. எங்கள் கிழட்டு ஓட்டோ அந்த ஏற்றத்தில் ஆளை ஏற்றாது, ஆள்தான் அதை ஏற்ற வேண்டும். அவளுடைய அண்ணன் வெளிநாடு போகும்போது விட்டுப்போன சின்னக் கார் ஒன்று மட்டும் வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தது.

"அடுத்த மாச முடிவுக்குள்ள பதில் குடுக்கணும். நீங்க கார் லைசன் எடுத்தீங்கன்னா போறேன். இல்லன்னா வேணாம்னு எழுதிடுறேன்" என்றாள்.

எத்தனையோ வருடம் அவள் காத்திருந்த பதவி. அது கடைசியில் என் இடது கையில் வந்து நின்றது.

இடது கை என்று சும்மா சொல்லவில்லை. இருபது வருடமாகப் பாடசாலைக்கும் டியூஷனுக்கும் சொந்த ஓட்டோவில்தான் போய் வருகிறேன். ஓட்டோவில் கிளட்சும் கியரும் இடது கைப்பிடியிலேயே இருக்கும். அமுக்கித் திருகினால் கியர் விழும். காரில் கிளட்ச் காலுக்குப் போய்விட்டது. கியரைத் தள்ளவும் இழுக்கவும் வேண்டும், திருகவே கூடாது. என் கைக்கு யார் சொல்லுவது? கியர் கம்பியின் தலையிலிருக்கும் உருண்டையை எலுமிச்சம்பழம் பிழிவது போல அமுக்கும், அமுக்கியதோடு திருகும்.

எனக்குப் பழக்கியவர் திகனயில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் ஒரு முஸ்லிம் அண்ணன், ஊருக்கே நாநா. நல்ல பொறுமைசாலி. நான் அவரிடம் போகுமுன்.

"சேர், அது கியர். தண்ணி பைப் இல்ல. என்னத்துக்குத் திருகுறீங்க?"

பின் சீட்டில் பயிற்சிக் கொப்பி திருத்திக்கொண்டிருந்த மனைவி தலை நிமிராமலே சொன்னாள்: "வீட்டுல பைப்ப மட்டும் ஒரு நாளும் ஒழுங்கா மூட மாட்டாரு நாநா."

திகனப் பக்கத்து வெறும் மைதானத்தில் ஒரு வாரத்தில் கை அடங்கிவிட்டது. மறுநாள் கண்டி வாவியோரம் ஓட்டினேன். பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்ததுதான் தாமதம், கை பழையபடி பிழிந்து திருகியது. வண்டி நடுரோட்டில் குலுங்கி நின்றது. பஸ் நடத்துனர் சிங்களத்தில் என் குடும்பத்தை நலம் விசாரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம் போலப் பீதியடைந்து புத்தகங்களைப் புரட்டினேன். வகுப்பில் நான் கரும்பலகையில் வரைவது இரண்டு நரம்புக் கலங்கள், நடுவில் ஓர் இடைவெளி. ஒன்று இரசாயனத்தை விடும், மற்றது வாங்கும், பரீட்சையில் அந்தப் படத்துக்குப் புள்ளி விழும். உண்மையில் அந்த இடைவெளியைச் சுற்றி, கல்யாணம் பேசும் வீடு மாதிரி அயலவர் கூட்டமே நிற்கிறது. நட்சத்திர வடிவத்தில் ஒரு கலம் இரு வீட்டாருக்கும் நடுவில் கை போட்டு, சிந்தியதைத் துடைத்து, தன் பங்குக்கும் எதையோ விட்டு, பேச்சின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது. துப்புரவுக் கலங்கள், ஓய்ந்துபோன இணைப்புகளைக் கொறித்துத் தள்ளுகின்றன. வயது போகப் போகச் சில கலங்களைச் சுற்றி வலை மாதிரி ஓர் உறை இறுகி, பழைய சம்பந்தங்களைக் கலையவிடாமல் பிடித்துக்கொள்கிறது. பயம் வந்தாலோ அந்த அக்கம்பக்கமே இன்னொரு இரசாயனத்தில் நனைந்துவிடுகிறது. ஆக, மாறுவதும் மாறாததும் அந்த இருவர் கையில் மட்டும் இல்லை.

தேத்தண்ணி குடிக்கும்போது மனைவிக்கு விளக்கினேன். "என் ஓட்டோ இணைப்பச் சுத்தி வலை கட்டியிருக்கு."

"ஒட்டடையா?"

"கிட்டத்தட்ட."

"துப்புரவு பண்றது ஒண்ணு இருக்குன்னீங்களே, அது என்ன பண்ணுது?"

"பாவிக்காததத்தான் அது வெட்டும். ஓட்டோவத்தான் தினமும் பாவிக்கிறேனே."

"அப்ப ஓட்டோவ நிப்பாட்டுங்க. இதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய புத்தகம்?"

நிறுத்தினேன். இரண்டு வாரம் பஸ்ஸில் தொங்கினேன். என் துப்புரவுத் தொழிலாளர்கள் லீவில் போயிருந்தார்கள் போல. ஹோர்ன் சத்தம் கேட்டால் கை திருகத்தான் செய்தது.

லைசனுக்கு ஓட்டிக் காட்டும் ட்ரையல் நாள் வந்தது. காலையிலேயே மூன்று தரம் கக்கூஸுக்குப் போனேன். நாநாவின் காரில் பரிசோதகர் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். பெரிய உருவம், பெரிய மீசை. வண்டியை எடு என்றார் சிங்களத்தில். என் கை உருண்டையைப் பிடித்தது, பிழிந்தது, திருகியது. ஆறு வாரமாகத் திருகிய திருகலில் மரை தேய்ந்திருக்க வேண்டும். உருண்டை கழன்று கையோடு வந்துவிட்டது.

அதை அவர் முன்னால் நீட்டினேன். ஏன் நீட்டினேன் என்று இன்றுவரை தெரியாது.

அவர் உருண்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "த்ரீ வீலா?" என்றார்.

"ஆமாம் சேர், ஓட்டோதான். இருபது வருஷம்."

மீசை ஆடியது. சிரிக்கிறார் என்று பிறகுதான் விளங்கியது. "பொக்கெட்டில் போடும். போவோம்."

மிஞ்சியது பென்சில் தடிப்பில் ஒரு வெறும் கம்பி. அமுக்க ஒன்றுமில்லை, திருக ஒன்றுமில்லை. கை ஒரு கணம் திகைத்தது. பிறகு இரண்டு விரலால் கம்பியைத் தள்ளியது. வண்டி நகர்ந்தது. பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது, கை அசையவில்லை. மூளை மாறிவிட்டது என்று வகுப்பில் சொல்ல ஆசைதான். மாறியது கைக்குக் கிடைத்த பொருள். மூளைக்கு விஷயமே தெரியாது.

பாஸ்.

"சேர், சந்தோசம். என்ட உருண்டையத் தாங்கொ" என்றார் நாநா.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் காரின் உருண்டையையும் கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். மனைவி சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள்.

முதல் திங்கட்கிழமை விடியற்காலை மழை. பாடசாலைக்குக் கடைசி ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது அவள் மெல்லச் சொன்னாள்: "கொஞ்சம் மெதுவாப் போங்க."

"இதவிட மெதுவாப் போனா வண்டி பின்னால போயிடும்."

"இல்லங்க, வயித்தக் கலக்குது. பிந்தினாலும் பரவாயில்ல."

அந்தக் காரில் என்னுடையது அல்லாத பீதி ஒன்று ஏறியது அதுதான் முதல் தடவை. இத்தனை நாளும் என் கையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். இவளுக்கும் பயம் இருக்கும் என்று ஒருநாள்கூட நினைக்கவில்லை. நட்சத்திரக் கலத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, வாயை மூடிக்கொண்டேன்.

வாசலில் இறங்கி, சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். "காலைக் கூட்டம் முடியுற வரைக்கும் இங்கயே நில்லுங்க."

எனக்கு முதல் பாடமே உயர்தர வகுப்பு. என் பாடசாலைக்குப் போன் எடுத்து, வயிறு சரியில்லை என்றேன். யாருடைய வயிறு என்று அவர்கள் கேட்கவில்லை. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக் காத்திருந்தேன். மணி அடித்தது. ஒலிபெருக்கியில் அவள் குரல் முதல் வசனத்தில் நடுங்கியது. இரண்டாவதிலும் நடுங்கியது. மூன்றாவதில், பின் வரிசையில் பேசிக்கொண்டிருந்த யாரையோ, வீட்டில் என்னை அதட்டும் அதே குரலில் அதட்டினாள்.

பாடசாலை அப்படியே அமைதியானது.