கோழி வெட்டிய பலகை

கொட்டகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இரண்டு வீடு தள்ளி இருந்த அக்காதான், ஹட்டனில் தான் வேலை பார்த்த தங்குவிடுதியின் சமையலறையில் எனக்கு வேலை வாங்கித் தந்தார். "என் தங்கச்சி மாதிரிங்க, நல்லா வேலை செய்யும்" என்று முதலாளியிடம் சொல்லிச் சேர்த்துவிட்டார்.

சேர்ந்த சில வாரங்களில் ஒன்றைக் கவனித்தேன். அக்கா கோழி வெட்டிய பலகையை ஈரத்துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு, அதிலேயே சலட்டுக்கு வெள்ளரிக்காய் நறுக்குவார். அது கூடாது என்று ஹோட்டல் பயிற்சியில் நான் படித்திருந்தேன். காலையில் இருவரும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்து போவோம். வாய்வரை வரும். வேலை வாங்கித் தந்தவரிடம் எப்படிச் சொல்வது என்று விழுங்கிவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுதி நிறைய ஆட்கள், குழந்தை குட்டிகளோடு. அக்கா வழக்கம்போல் பலகையைத் துடைத்து வெள்ளரிக்காயை வைத்தார். எனக்கு என்ன வந்ததோ, சிங்களத்தில் சத்தமாகச் சொன்னேன்: அது கோழி வெட்டிய பலகை, கழுவவே இல்லை, சாப்பிடுகிறவர்களுக்கு வயிறு கெட்டுவிடும்.

தலைமைச் சமையற்காரர் சிங்களவர். நறுக்கியதையெல்லாம் அள்ளிக் குப்பையில் கொட்டிவிட்டுத் திட்டத் தொடங்கினார். அக்காவுக்குச் சிங்களம் கொஞ்சம்தான் விளங்கும். "ஹரி மாத்தயா, ஹரி" என்று, சரி ஐயா சரி என்பதை மட்டும் சிங்களத்தில் சொல்லி, சிரித்தபடியே தலையாட்டிக்கொண்டு நின்றார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். சமையற்காரர் என்னிடம் திரும்பி, "அவளுக்கு விளங்குற மாதிரி நீ சொல்லு" என்றார்.

"அக்கா, கோழி வெட்டுன பலகையச் சவுக்காரம் போட்டுக் கழுவணுமாம்."

அக்காவின் சிரிப்பு நின்றது. "இத நீ மொதல்லயே நம்ம பாஷையில சொல்லியிருக்கலாமே. கேக்க மாட்டேனா?"

குழந்தைகளுக்காகப் பேசினேன் என்பது பாதிதான் உண்மை. எனக்கு விஷயம் தெரியும் என்பது சமையற்காரர் காதில் விழ வேண்டும் என்றும் நினைத்திருந்தேன்.

அன்று மாலை பஸ்ஸில், "மன்னிச்சிருங்க அக்கா" என்றேன்.

"நீ சொன்னது சரிதானே. புள்ளைங்க சாப்புடுற சாப்பாடு" என்றவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வாரமே காய்கறிக்கென்று தனிப் பலகை வந்தது. அக்கா ஒருநாளும் மாற்றி வெட்டவில்லை. ஆனால் எதைத் தொடுவதற்கு முன்னும் என்னைப் பார்த்து, "இது சரிங்களா?" என்று கேட்கத் தொடங்கினார். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர், அதுவரை என்னை நீ என்றே பேசியவர்.

"அப்படிக் கேக்காதீங்க அக்கா, கூச்சமா இருக்கு" என்றேன் ஒருநாள்.

"சரிங்க" என்றார்.