ஒற்றசேகரமங்கலத்துப் பாறையில் மூன்று பேர்

காலை ஏழு மணிக்கு மார்த்தாண்டத்தில் பஸ் ஏறியபோது என் திட்டம் ஒன்றே ஒன்றுதான். பாறசாலையில் அண்ணன் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தூங்க வேண்டும். பரீட்சைத் தாள்களைத் திருத்தித் திருத்திக் கண்ணும் முதுகும் ஓய்ந்திருந்தன. களியக்காவிளையில் இறங்கி, பத்து ரூபாய் டிக்கெட்டில் கேரள பஸ்ஸுக்கு மாறினேன். ஐப்பசி மழை அன்று காலை விட்டிருந்தது. கிழக்கே மலைப்பக்கம் மட்டும் வானம் கரி பூசியதுபோல் கிடந்தது.

அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறான். வீட்டில் செலின் மைனி மட்டும். அண்ணன் மனைவியை நாங்கள் மைனி என்றுதான் கூப்பிடுவோம். முற்றத்தில் ஒரு ஆட்டோ நின்றது. அதன் கூரையில் கூம்பு ஒலிபெருக்கி கட்டியிருந்தது.

நெய்யாற்றையும் அதில் வந்து சேரும் தோடு என்கிற சிற்றோடைகளையும் கவனித்துக்கொள்ளும் ஒரு சின்னக் கூட்டத்தில் மைனி இருக்கிறாள். கோடையில் தோட்டில் குப்பை வாருவார்கள், கரை இடியாமலிருக்கக் கைதை என்கிற தாழை நடுவார்கள். மழைக்காலத்தில், அணையின் மதகு உயர்த்தப்படும் என்று தகவல் வந்தால் ஆற்றோர ஊர்களுக்குப் போய் அறிவிப்பார்கள். இரண்டு நாளாக அறிவித்ததில் மைனியின் குரல் போயிருந்தது.

“நீ வாறியா மக்கா? எனக்க தொண்ட போச்சு. நான் சொல்லித்தாறேன், நீ சத்தமாச் சொன்னாப் போதும்,” என்றாள், வெறும் காற்றாக.

உள்ளே விரித்துப் போட்டிருந்த கட்டிலை ஒருமுறை பார்த்தேன். பையை அதன்மேல் வைத்துவிட்டு வந்து ஆட்டோவில் ஏறினேன்.

ஒன்பது மணிக்கெல்லாம் கிழக்கே போய்க்கொண்டிருந்தோம். ரப்பர்த் தோட்டம், சர்ச், மரவள்ளி, மறுபடியும் ரப்பர்த் தோட்டம். ஆட்டோ ஓட்டிய மணியன் சாலையோரம் புதிதாக முளைத்த வீடுகளைக் காட்டினார். “இதெல்லாம் வயலாக்கும் அக்கா. மண்ணடிச்சு நெகத்தியாச்சு. முன்ன மழை பெஞ்சா வயல்ல நின்னு மெதுவாப் போவும். இப்பம் நிக்க எடமில்ல, நேரே ஆத்துக்குத்தான்.”

முதல் ஊரிலேயே தப்பு செய்தேன். மைக்கைப் பிடித்ததும் வகுப்பறைத் தமிழ் வந்துவிட்டது. “வெள்ளம் வரப்போகிறது, எச்சரிக்கையாக இருங்கள்” என்றேன். ஒரு பெண் இரண்டு குடங்களோடு ஓடிவந்தாள்.

“எப்பம் வரும்? மூணு நாளா குழாயில வெள்ளம் இல்ல பாத்துக்கிடுங்க.”

இந்தப் பக்கத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். எங்கள் ஊரிலும் அப்படித்தான். மைக் கையில் வந்ததும் எனக்கு அது மறந்துபோயிற்று. மைனி சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தாள். அதன்பிறகு, “அணை திறக்குது, ஆத்துல ஆரும் எறங்கப்பிடாது” என்று தமிழிலும் மலையாளத்திலும் மாற்றி மாற்றிச் சொன்னேன். கடைகளில் பேப்பர் படித்தவர்கள் தலை நிமிர்த்தவில்லை. “நேத்தும் இதையே சொன்னியளே, ஒண்ணும் வரல்லியே,” என்றார் ஒருவர். முந்தின நாள் கொஞ்சமாகத்தான் திறந்திருந்தார்கள். அவர்மேலும் குறை சொல்ல முடியவில்லை.

ஒற்றசேகரமங்கலத்தை அடையும்போது பதினொன்றரை. ஆற்றுக் கடவில், படித்துறைக்கு மேலே, வண்டி நின்றது. நடு ஆற்றுப் பாறையில் மூன்று பேர். கல்யாணம் நிச்சயமான ஒரு பையன், சிவப்புப் பாவாடையும் தாவணியுமாக அவன் கட்டப்போகும் பெண், அவர்களைப் படமெடுக்கும் புகைப்படக்காரர். கரைக்கும் பாறைக்கும் நடுவே முழங்கால் அளவு தண்ணீர்.

மைக்கில் சொன்னேன். புகைப்படக்காரர் திரும்பாமலே கையை உயர்த்தினார். “அஞ்சு மினிட்டு சேச்சி! நல்ல லைட்டாணு!”

மறுபடியும் சொன்னேன். மூன்றாவது முறை சொல்லும்போது எனக்கே என் குரல் வெறுத்துப்போயிற்று. மைனி இறங்கி, படிக்கட்டில் தண்ணீருக்குச் சற்று மேலே போய் உட்கார்ந்தாள். அவர்கள் வராமல் நகரப்போவதில்லை என்பது அவள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்தாள். அப்போதுதான் கவனித்தேன். அவள் முதலில் உட்கார்ந்திருந்த படியைக் காணவில்லை.

தண்ணீர் செந்நிறமாக மாறியிருந்தது. சருகும் சுள்ளியும் வேகமாகப் போயின. அந்தப் பெண் மைனியையும் படியையும் பார்த்தாள். பாவாடையை வாரிச் சுருட்டிக்கொண்டாள்.

“நான் போறேன். நீ வாறியா, இல்லியா?”

“பேடிக்காதே. இப்பக் கழியும்,” என்று அவள் பயத்தைத் தணிக்கப் பார்த்தான் பையன். அவள் அதற்குள் இறங்கிவிட்டாள். நாலடி வைப்பதற்குள் தண்ணீர் இடுப்பைத் தொட்டது. நனைந்த பாவாடை அவளை ஒருபக்கமாக இழுத்தது. பையனின் முகம் மாறியது. குதித்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

மணியன் வண்டியிலிருந்த கயிற்றை வீசினார். முதல் வீச்சு தவறியது. இரண்டாவதை அவள் பிடித்தாள். மணியனும் நானும் மைனியும் சேர்ந்து இழுத்தோம். கயிறு உள்ளங்கையை அறுத்தது. இருவரும் படியில் வந்து விழுந்ததும் அந்தப் பெண் மைனியின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். கயிற்றை மறுபடியும் வீசினோம். புகைப்படக்காரர் கேமராவைத் தலைக்குமேல் ஒரு கையால் தூக்கிக்கொண்டு, மற்றதையெல்லாம் விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். கொஞ்ச நேரத்தில் பாறை இருந்த இடத்தில் ஒரு சுழல் மட்டும் இருந்தது.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே மைனியிடம், “குறச்சு நேரத்தே பறயாமாயிருந்நு,” என்றார். கொஞ்சம் முன்னாலேயே சொல்லியிருக்கலாமாம்.

மைனி நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை, அவ்வளவு அசதி. “துணிய மாத்துங்க, காய்ச்சல் வரும்,” என்றேன்.

பிறகும் திருப்புறம் வரை ஊர் ஊராகப் போனோம். மூன்று மணிக்கு ஒரு கடையில் எழுபது ரூபாய்க்குச் சோறு. அங்கேயும் ஒருவர், “நேத்தும் சொன்னியளே,” என்றார். பூவாரில் சிவந்த தண்ணீர் கடலுக்குள் இறங்குவதைப் பார்த்தபடி, படகுகளை இழுத்துக் கட்டச் சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

அன்றிரவு கட்டிலில் விழுந்தது தெரியும். மறுநாள் மத்தியானம்தான் எழுந்தேன். மாலையில் ஊருக்கு பஸ் ஏறினேன்.

குழித்துறைப் பாலத்தை நெருங்கும்போது கீழே எங்கள் ஆறும் சிவந்து போய்க்கொண்டிருந்தது. கரையோரம் ஒரு ஆள் தலை நிறையச் சோப்புடன் நின்று குளித்துக்கொண்டிருந்தார். இங்கே என்னை யாரும் அனுப்பவில்லை. வீடு இன்னும் ஒரு நிறுத்தம்தான். கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. பாலத்துக்கு முன்பே இறங்கி, படிகளில் கீழே போனேன்.

“வெள்ளம் ஏறுது. கேறி வாரும்.”

“நீங்க ஆரு?” என்றார் அவர்.

“மார்த்தாண்டத்துக்காரியாக்கும்,” என்றேன்.

அவர் முகத்துச் சோப்பைக் கழுவிவிட்டு ஆற்றைப் பார்த்தார். பிறகு, எனக்காக அல்ல என்பதுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, மெதுவாகத் துண்டை எடுத்தார். அவர் கடைசிப் படி ஏறும்வரை அங்கேயே நின்றேன்.