நீலம் போடாத வேட்டி

எங்கள் ஸ்ரூடியோ சண்டிலிப்பாய்ச் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே, எங்கள் வீட்டு முன் அறையில் இருக்கிறது. கலியாணவீடு, சாமத்தியவீடு என்று நாள் முழுக்க நின்று எடுப்பதெல்லாம் எனக்கு ஒரு வேலையே இல்லை. தலையிடி தருவது விசாப் படம்தான். கலியாணப் படத்தில் பொம்பிளை கொஞ்சம் கறுத்துப்போனால் மாமியார் முணுமுணுப்பார், அவ்வளவுதான். விசாப் படத்தில் பின்னணி வெள்ளையாக இல்லாவிட்டால் ஒருவரின் பயணமே நின்றுவிடும்.

அளவெட்டியிலிருந்து வந்த அன்ரியின் பயணம் அப்படித்தான் நின்றுபோயிருந்தது. கனடாவில் அவருடைய ஒரே மகளுக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. முந்தின தரம் பிள்ளை வயிற்றிலேயே தங்காமல் போனபோது அந்தப் பெட்டைக்குப் பக்கத்தில் சுடுதண்ணீர் வைத்துக் கொடுக்கவும் ஆளில்லை. இந்தமுறை எப்படியும் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று அன்ரி ஒற்றைக் காலில் நின்றார். விண்ணப்பத்தில் எல்லாம் சரி. படம் மட்டும் திரும்பி வந்துவிட்டது.

அது வேறெங்கோ எடுத்த படம். ஆளைச் சுவரோடு ஒட்டி இருத்தி நேரே லைற் அடித்திருக்கிறார்கள். காதுக்குப் பின்னால் கறுப்பாக நிழல். பார்த்ததும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆளைப் பின்னணியிலிருந்து தள்ளி இருத்த வேண்டும், பின்னணிக்கு வேறாக லைற் போட வேண்டும். இதுகூடத் தெரியாமல் ஏன் கமராவைத் தூக்குகிறார்கள்? இனி யோசிக்காதேங்கோ என்று அன்ரியிடம் சொல்லி, எங்கள் வெள்ளைத் துணியைக் கட்டி, எல்லாம் முறையாகச் செய்து எடுத்து அனுப்பினேன்.

அதுவும் திரும்பி வந்தது. பின்னணி வெள்ளை இல்லையாம்.

மூன்றாவது படத்துக்கு அன்ரி வந்தது மழைக்கால மதியம் ஒன்றில். அன்று பின்னேரத்துக்குள் புதுப் படம் ஏற்றாவிட்டால் விண்ணப்பத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் பிள்ளையே பிறந்துவிடும். அன்ரி குறை ஒன்றும் சொல்லாமல், மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி கதிரையில் இருந்தார். அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

எடுத்துக் கொம்பியூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணுக்குப் பால் மாதிரித் தெரிந்த துணி, திரையில் இளநீலமாக விரிந்து கிடந்தது. நீலத்தைக் குறைத்தால் அன்ரியின் முகம் செங்கமாரி வந்ததுபோல மஞ்சளாகியது. கொம்பியூட்டரிலேயே ஆளை வெட்டி வெள்ளையில் வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். வைத்துப் பார்த்தேன். நெற்றியோரத்து நரைமயிரெல்லாம் வெட்டுப்பட்டுப் போய்விட்டது. திருத்திய படம் எடுபடாது என்று விதியும் இருக்கிறது.

துணியை முகர்ந்து பார்த்தேன், புதிதாகத் தோய்த்த வாசம். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. எங்கள் வீட்டில் துணி தோய்ப்பது என் மனிசன், கலியாணம் முடித்த நாளிலிருந்து அது அவர் வேலை. நேரே கிணற்றடிக்குப் போய்க் கேட்டேன்.

"இஞ்சேருங்கோ, ஸ்ரூடியோத் துணிக்கு நீலம் போட்டனீங்களோ?"

"போடாமல்? வெள்ளைத் துணியை நீலம் போடாமல் ஆர் காயவிடுறது? அந்த மனிசிக்காக எண்டு ரெண்டு சொட்டுக் கூடத்தான் விட்டனான்."

முகத்தில் என்ன பெருமை! அவரை ஏசுவதா, கும்பிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் மேல் பிழையும் இல்லை. கோயிலுக்கு உடுக்கும் வேட்டி, பள்ளிக்கூடச் சட்டை, கட்டில் விரிப்பு, எங்கள் ஊரில் வெள்ளை என்றால் கடைசி அலசலில் நீலம் விழத்தான் வேண்டும். கண்ணுக்கு அது பளிச்சென்று இருக்கும். கமராவுக்கு அந்தத் தாட்சண்ணியம் கிடையாது.

வீட்டிலிருந்த வெள்ளையெல்லாவற்றையும் இழுத்துப் போட்டேன். பக்கத்து வீட்டிலும் இரண்டு வேட்டி கேட்டு வாங்கினேன். கட்டிக் கட்டி எடுத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே நீலக்கடல். சுவரைப் பார்த்தேன், சுண்ணாம்பிலும் நீலம் கலந்துதான் அடித்திருந்தார்கள், கோதாரி. நான் வாங்கி வைத்திருந்த கடதாசிச் சுருளோ மாரி ஈரத்தில் நெளிந்து, அலையலையாக நிழல் காட்டியது. ரவுணுக்கு ஓடி இன்னொன்று வாங்கி வருவோம் என்று மோட்டார்சைக்கிள் திறப்பை எடுத்தேன். வெளியே மழை கொட்டியது. எனக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது.

அப்போதுதான் அன்ரி வாய் திறந்தார். தன்னிடம் ஒரு வேட்டி இருக்கிறதாம், நீலம் காட்டாததாம். ஆனால் அதை எடுக்கலாமோ தெரியவில்லையாம். சொல்லிவிட்டு மறுபடி பையை இறுக்கிக்கொண்டார்.

பிள்ளைக்கு என்று வைத்திருந்த வேட்டி அது. பிறந்த பிள்ளையைக் கிடத்த, புருசனின் பழைய வேட்டியொன்றை எடுத்து, பச்சை உடம்புக்கு ஆகாதென்று நீலம் காட்டாமல், திரும்பத் திரும்ப அவித்து, வெயிலில் காயவிட்டு மடித்திருக்கிறார். பிறக்க முதல் பிள்ளைக்கு எதையும் ஆயத்தம் செய்யக்கூடாது, செய்தாலும் ஒருவர் கண்ணிலும் காட்டக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். முந்தின தரம் ஒருவேளை தான் அவசரப்பட்டு எல்லாம் தைத்து வைத்ததுதான் வினையாகிப் போனதோ என்று அன்ரிக்கு மனதில் ஒரு முள். இந்தமுறை புருசன்கூடக் காணக்கூடாது என்று போகுமிடமெல்லாம் பையிலேயே கொண்டு திரிந்திருக்கிறார்.

இதைக் கேட்டபிறகு தாருங்கோ என்று நான் எப்படிக் கேட்பது? அன்ரியே பையைத் திறந்து, வேட்டியை எடுத்து என் கையில் வைத்தார்.

"கட்டு பிள்ளை. நான் போனால்தானே இதை அங்கை விரிக்கலாம்."

துணி பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது. ஒரு மூலையில் கிழிசலை நூலால் பின்னித் தைத்திருந்தார். அந்தத் தையல் அன்ரியின் தோளுக்குப் பின்னால் மறையும்படி கட்டினேன். கண்ணுக்கு அது அவ்வளவு வெள்ளையாகத் தெரியவில்லை. என் மனிசன் எட்டிப் பார்த்து, பழுப்படித்துக் கிடக்குது என்றுகூடச் சொன்னார். அவரை வெளியே போகச் சொல்லிவிட்டுப் பின்னணிக்கு இரண்டு பக்கமும் லைற் போட்டேன். எடுத்தேன். திரையில் வெள்ளை. நீலமும் இல்லை, மஞ்சளும் இல்லை. நரைமயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அப்பாடா என்று அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

வேட்டியை மடித்துக் கொடுத்தபோது, ஒருவருக்கும் சொல்லிப்போடாதை என்றார் அன்ரி. படம் சரிவந்தது. விசாவும் வந்தது. அது வந்த அன்று என் மனிசன் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். நீலத்துக்குப் பிராயச்சித்தமாக்கும் என்று நான் பகிடி பண்ணினேன்.

பிள்ளை பிறந்த செய்தியும் வந்து, பிறகு கொஞ்சக் காலம் அன்ரியிடமிருந்து ஒரு கதையும் இல்லை. ஒருநாள் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வெள்ளைத் துணியில் கிடந்து கமராவை முறைக்கும் ஒரு பெண்குழந்தை. கீழே அன்ரியின் குரல்.

"பேத்தியைக் கூட்டிக்கொண்டு கோயில் திருவிழாவுக்கு வாறம் பிள்ளை. பாஸ்போட்டுக்கு இந்தப் படம் எடுபடுமோ எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லு."

பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னணி நல்ல வெள்ளை. ஆனால் குழந்தையின் காதோரம், நான் அன்று தோளுக்குப் பின்னால் மறைத்து வைத்த அந்தத் தையல்.

தையல் தெரியுது அன்ரி, துணியைக் கொஞ்சம் இழுத்துவிட்டு இன்னொருக்கா எடுங்கோ என்று பதில் போட்டேன். இந்தப் படத்தை நான் அழிக்கமாட்டேன், இது எனக்கு வேண்டும் என்றும் எழுதினேன். கண் கலங்கியதில் எழுத்தெல்லாம் பிழைத்து, திரும்பத் திரும்பத் திருத்த வேண்டியிருந்தது.